அடுப்புச் சங்கிலி

மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவன் தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதைத் தம்தா இதற்கு முன் பார்த்ததில்லை. சிலுவை போடக்கூடத் தெரியாத சனங்கள் என்றுதான் ஊரில் பேச்சு. இவனோ ரொட்டியைப் பிய்ப்பதற்கு முன் சிலுவை போட்டான், அச்சு அசல் அவளைப் போலவே.

அவன் பெயர் பெஷ்கேன். கிழக்கையும் மேற்கையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவரக் கிளம்பிய இளம் ராஜாவின் தூதன். பள்ளத்தாக்கில் ஒரு கோபுரமும் நிற்கக் கூடாது, சாவியை வாங்கிக்கொண்டு இடித்துத் தள்ளு என்று உத்தரவு. தம்தாவின் கோபுரம் செத்துப்போன புருஷன் கட்டியது. படை வரும்போதெல்லாம் ஊர்ப் பெண்கள் அதற்குள் ஏறித்தான் உயிர் பிழைத்தார்கள்.

உத்தரவைச் சொன்னவன் சும்மா இருந்தானா? கிண்ணத்தில் ஊற்றிய திராட்சை மதுவை மோந்து மோந்து பார்த்தான்.

"தோலையும் சேர்த்தா தாழியில போட்டுப் புதைக்கிறீங்க?"

"ஏன், உங்க ஊர் திராட்சைக்குத் தோலே கிடையாதா?" என்றாள் தம்தா. அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துப் போனது, பிடித்ததே எரிச்சலாகவும் இருந்தது.

கொழுந்தன் வாச்சே அவளைத் தொழுவத்துப் பக்கம் இழுத்துப் போனான். "அண்ணி, நல்லாத் திங்கட்டும். வீட்டுக்குள்ள விருந்தாளி, தொடமாட்டேன். நம்ம எல்லை அக்ரூட் மரத்தைத் தாண்டட்டும், முடிச்சிடறேன்."

"ராஜா சும்மா விடுவாரா? தோட்டம் தொரவெல்லாம் கொளுத்திடுவாரு."

"சாவியக் குடுத்தா மட்டும் என்ன மிஞ்சப்போகுது?"

அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள், வாச்சேயும் பின்னாலேயே வந்தான்.

திரும்பி வந்தால், பெஷ்கேன் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தான். பானை தொங்கும் இரும்புச் சங்கிலியை ஒரு கையால் இறுகப் பிடித்திருந்தான்.

வாச்சே அலறினான். "டேய்! விடுடா அதை!"

அடுப்புச் சங்கிலியைப் பிடித்தவன் அந்த வீட்டுப் பிள்ளை. அவனைக் குத்தினால் கூடப்பிறந்தவனைக் குத்திய பாவம். அதை மீறிய வீட்டில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள், சாவுக்குக்கூட வரமாட்டார்கள்.

"பானை பொங்குச்சு, அதான்..." என்று இழுத்தான் பெஷ்கேன்.

தம்தா பானையைப் பார்த்தாள். ஆவிகூட வரவில்லை. அவள் அவன் கிட்டே போனாள்.

"உங்க பக்கமும் இந்தச் சங்கிலி உண்டா?"

"இது இல்லாம ஒரு வீடாம்மா?" அவன் சங்கிலியை விடவில்லை. "தொழுவத்துல பேசினது காதுல விழுந்துச்சு."

இத்தனை வருஷமாக அந்தப் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டா என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"சரி மகனே, பிடிச்சது பிடிச்சிட்டே. இப்ப சொல்லு. பெத்தவ வீட்டுக் கோபுரத்தை எந்தப் புள்ளை இடிக்கும்?"

பெஷ்கேனின் முகம் தொங்கிப் போனது. உயிர்ப் பயத்தில் அவன் அதை யோசிக்கவே இல்லை. வாச்சே முதலில் முறைத்தான், பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டான்.

"நல்லா மாட்டினான் அண்ணி!"

"ராஜா கேட்டா நான் என்னம்மா சொல்லுவேன்?"

தம்தா இடுப்பிலிருந்த கோபுரச் சாவியை அவிழ்த்துச் சங்கிலியின் கொக்கியில் மாட்டினாள். "சாவி என் வீட்டுலதான் இருக்குன்னு சொல்லு. இது இப்ப உன் வீடும்தானே, பொய்யில்லையே? சந்தேகம்னா அவரே வரட்டும். இந்தச் சங்கிலியில இன்னொரு கைக்கும் இடம் இருக்கு."

வழியனுப்ப வாச்சே கூடவே போனான். தம்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அக்ரூட் மரத்தடியில் இருவரும் நின்றார்கள். வாச்சே கத்தியை உருவினான்.

அவன் கத்தியைத் திருப்பி, கைப்பிடிப் பக்கமாகப் பெஷ்கேனிடம் நீட்டினான். "வழியில எங்க ஆளுங்க இருப்பாங்க. இதைக் காட்டு, வாச்சே தம்பின்னு சொல்லு" என்று அவன் உரக்கச் சொன்னது வாசல்வரை கேட்டது.