லேபிள் இல்லாத இரண்டு பீக்கர்கள்

1
இந்தக் கதை என் தங்கை சொன்னது. பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். விபத்து ஒத்திகையில் அடிபட்டவளாக நடித்தாள், நடிக்கும்போதே அடிபட்டாள். கேட்டு எழுத உட்கார்ந்தேன். நடிப்பு எங்கே முடிந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: அன்று காலை ஆய்வகம் அமைதியாக—

(பொய். பாதுகாப்பு அதிகாரி இருக்குமிடத்தில் அமைதி ஏது? கழுத்தில் தொங்கும் ஊதலால் அவருக்கு 'விசில்' என்றே பெயர்.)

ஒத்திகைக் காட்சியை எழுதியவர் அவர்தான். தங்கை பீக்கர் தண்ணீரை முகத்தில் தெளித்துக்கொண்டு, "நடிக்கல, நிஜமாவே எரியுது!" என்று கத்த வேண்டும். மற்றவர்கள் அவளைக் கண் கழுவும் குழாய்க்குக் கூட்டிப்போக வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னதும் அவரே. போட்டிருந்தால் முகபாவம் தெரியாதாம்.

3
மேஜையில் இரண்டு பீக்கர்கள். ஒன்றில் தண்ணீர். மற்றதில் யாரோ கண்ணாடிச் சாமான் கழுவக் கலந்துவைத்த, தோலை அரிக்கும் காரக் கரைசல். இரண்டிலும் லேபிள் இல்லை.

"நடிக்கல, நிஜமாவே எரியுது!"

கைதட்டல்.

"பின்னிட்டம்மா!" என்றார் விசில். "அப்படியே கொஞ்சம் அழு."

அழுதுகொண்டுதான் இருந்தாள்.

4
இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம். "வேற ஏதாவது சொல்லிக் கத்தியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"நீ வா, உன் கண்ணுல ஊத்துறேன். புதுசா வசனம் பேசு, பாக்கலாம்."

பிறகு அவளே சொன்னாள்: "மனப்பாடம் பண்ணினது அதுதாண்ணா. வாயில அதுதான் வந்துச்சு."

5
இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

தோழி ஒருத்தி ஏதோ சரியில்லை என்று அவளைக் குழாய்க்கு இழுத்துப் போகிறாள், கண் தப்புகிறது.

கைதட்டல் ஓயும்வரை யாரும் அசையவில்லை, இடது கண்—

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை, அந்த அறையில் நின்றவர்களுக்கும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நீங்களும் இப்போது அங்கேதான் நிற்கிறீர்கள். அவள் கத்துவது எழுதிவைத்த வசனம்தான், முதலில் விசில் எழுதியது, பிறகு நான் எழுதியது.

குழாய் கதவுக்கு இடப்பக்கம் இருக்கிறது. அடியிலுள்ள பெடலை மிதித்தால் தண்ணீர் வரும்.