லாரி மேடையில் ஏறிய கைக்குழந்தை

நாளைக்கு ஆஸ்பத்திரியில் குழந்தையை நிறுத்துப் பார்ப்பார்கள். இரண்டரைக் கிலோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் குறைமாசப் பிள்ளைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிதான். அந்த நினைப்பில் மூட்டை தூக்குகிறவனுக்குச் சோறே இறங்கவில்லை. மீன்கடைத் தராசில் வைக்கலாமா என்று கேட்டுப் பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கும் பிள்ளையுமாக அவள் வேலையிடத்துக்கு வந்தபோது, லாரிகளை நிறுக்கும் மேடை காலியாகக் கிடந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டு நடுவில் போய் நின்றான்.

"அக்கா, எவ்வளவு காட்டுது?"

எடை பார்க்கும் அக்கா ஜன்னல் வழியே சொன்னாள்: "எழுபது."

பிள்ளையை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தனியாக நின்றான்.

"இப்பவும் எழுபதுதான்."

அவன் முகம் செத்துப்போயிற்று. "அப்ப எம்பொண்ணுக்கு எடையே இல்லையா?"

"அட கூறுகெட்டவனே, இது பத்துப் பத்தாத்தான் தாவும். லாரிக்கு வெச்சது, உன் எலிக்குஞ்சுக்கா?"

"எலின்னு சொல்லாதீங்கக்கா!" என்றாள் மனைவி.

தாவும் என்ற சொல் அவனைப் பிடித்துக்கொண்டது. கடைசிக் கூடை மணலில் எண் பட்டென்று மாறுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறான்! ஒரு காலி வாளியைத் தூக்கிக்கொண்டு மேடையில் நின்றான். பிள்ளையை அக்காவிடம் விட்டு, மனைவி கீழே நின்றபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

"எண்பது! போதும்!"

அரை லிட்டர் பாட்டிலால் ஐந்து முறை மொண்டு வெளியே கொட்டினாள். இரண்டரைக் கிலோ. எண் எழுபதுக்கு இறங்கியது.

"இப்ப அவளக் கொடு. மறுபடி எண்பது காட்டுனா ரெண்டரை இருக்கான்னு அர்த்தம். துணி வேணாம், துணியும் எடைதான்."

வெறும் மேனியோடு, வாளியோடு நின்ற அவன் மறு கையில் வந்து சேர்ந்தாள் மகள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஜன்னலைப் பார்த்தான்.

"அக்கா..?"

"இருடா, உதைக்கிறா, எண்ணு நிக்க மாட்டேங்குது... எண்பது! நின்னுடுச்சுடா, எண்பது!"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதே நேரம் அவன் சட்டை வெதுவெதுப்பாக நனைந்தது.

"ஐயோ, எடை குறைஞ்சிடப் போகுது!" என்று அலறினான்.

"மேடையிலதானடா நிக்கிற, எங்க போகும்?" அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மனைவி குனிந்து மகளின் காதில் சொன்னாள்: "நாளைக்கு நர்சம்மா பாக்குற வரைக்கும் அடக்கிக்கடி, தங்கம்."

அவன் ஈரச் சட்டையோடே தூக்கைத் திறந்து உட்கார்ந்தான். அடியில் ஒட்டியிருந்த பருக்கையைக்கூட விடவில்லை.