பேச்சியம்மாவின் நெற்றி

கிளிநொச்சியிலிருந்த அந்த அச்சகத்துக்குப் படத்துடன் வருபவர்கள் முதலாளி ராஜரத்தினத்தைத் தேடுவதில்லை, பத்மாசனியைத்தான் கேட்பார்கள். படத்தை அச்சிடத் தேவையான உலோகப் புளொக் செய்வதற்கு யாழ்ப்பாணத்துக்கு அனுப்புமுன், பழுதான படங்களைத் தூரிகையால் திருத்துபவள் அவள்.

ஜெயபுரத்துப் பழனியாண்டியும் அவளைக் கேட்டே வந்தான். தாய் பேச்சியம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, அயலவர்கள் செய்வதுபோல, முகப்பில் படமும் உள்ளே பாடல்களுமாக ஒரு நினைவுப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. தாய்க்கு இருந்தது ஒரே படம். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்தபோது மடித்து மடியில் செருகிக்கொண்டு வந்தது. அதை ஸ்ரூடியோவில் பெருப்பித்தபோது மடிப்பும் சேர்ந்தே பெருத்திருந்தது.

மடிப்பு கன்னத்தைக் குறுக்கே வெட்டிச் சென்றது. பத்மாசனி சாம்பல் நிறத்தைக் குழைத்து நகத்தில் வைத்துப் பார்த்தாள். பின், கோடாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக வைத்துவந்தாள். பிளந்திருந்த கன்னம் தையல் தெரியாமல் கூடியது.

"ஆத்தாடி! செத்தவங்களுக்கே வைத்தியம் பாக்கிறீங்களே!"

"கதை குடுக்காதேங்கோ அண்ணை, கை ஆடுது. போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ."

அவன் திரும்பி வந்தபோது படம் முடிந்திருந்தது. அயல்வீட்டுப் புத்தகங்களில் இருக்கும் அம்மாமாரைப் போலவே பேச்சியம்மா மாசுமறுவற்று இருந்தாள். அவன் குனிந்து பார்த்தான், தள்ளி நின்றும் பார்த்தான்.

"என்ன, பிடிக்கேல்லையோ?"

"அழகாத்தாங்க இருக்கு. ஆனா இந்தம்மாவ எனக்குத் தெரியாதுங்க."

"ரெண்டு மடிப்புக் கிடந்தது. ரெண்டையும் எடுத்திட்டன்."

"நெத்தியில இருந்தது மடிப்பு இல்லீங்க. கொழுந்துக் கூடைக் கயிறு. கூடைய முதுகுல தொங்கவிட்டுக் கயித்தத் தலையில மாட்டுவாங்க. எங்கம்மாவுக்கு அது பதிஞ்சே போச்சு."

படத்தை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் உறையை ராஜரத்தினம் நீட்டினார். "யாழ்ப்பாண பஸ் வெளிக்கிடப் போகுது. சபையில குடுக்கிற புத்தகம். நெற்றி துப்பரவாய் இருந்தால்தானே தம்பி வடிவு?"

பழனியாண்டி தயங்கினான். அந்தச் சபைக்காகத்தான் அவனும் இவ்வளவு தூரம் வந்திருந்தான்.

"வேணாங்க," என்றான். "எங்கம்மாவையே போடுங்க."

பத்மாசனி பஞ்சை நனைத்து, தான் வைத்த நெற்றியைத் தானே துடைத்தாள். முகம் சுளிக்கவில்லை. மங்கலான வடு திரும்பி வந்தது. அதையும் அவள் ஏற்கவில்லை.

"இப்பிடியே விட்டால் அச்சில ஊத்தை மாதிரித் தெரியும். புளொக்கில மெல்லிய நிழல் நிக்காது. கயிறு எந்த இடத்தில கூடுதலாய் அழுத்தும்?"

அவன் குனிந்து தன் நெற்றியில் விரலால் கோடிட்டுக் காட்டினான். அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு வடுவின் மேல்விளிம்பில் கருமையையும் கீழ்விளிம்பில் வெண்மையையும் இழையிழையாக ஏற்றினாள்.

"அப்ப பஸ்?" என்றார் ராஜரத்தினம்.

"நாளைக்கும் ஓடும்தானே."

அவர் உறையைக் கீழே வைத்தார். கதிரையை இழுத்துப்போட்டுத் தாமும் பார்க்க உட்கார்ந்தார்.

தட்டையான தாளில் பள்ளம் விழுந்தது. ஒரு கூடையின் பாரம் முழுவதும் அங்கே இறங்கியிருந்தது. பழனியாண்டியின் கை தன்னையறியாமல் நீண்டது.

"தொடாதேங்கோ அண்ணை," என்றாள் பத்மாசனி. "இன்னும் காயேல்லை."