இரும்பு செய்யாத வேலை

வேதியியல் பேராசிரியைக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ‘ஆசிட் மேடம்’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை அவரைக் கொதிக்க வைத்தது ஒரு மருந்துத் தொழிற்சாலையின் வேதியியலாளர் எழுதிய கடிதம். “உங்கள் வேதிவினையைப் பதினோரு தடவை செய்து பார்த்தோம். ஒரு தடவைகூட நடக்கவில்லை.”

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அவர் எழுதிய கட்டுரையில் இருந்த வினை அது. இரண்டு கரிம மூலக்கூறுகளை ஒட்டவைக்க விலையுயர்ந்த பல்லேடியம் என்ற உலோகம் தேவையில்லை, மலிவான இரும்பு உப்பே போதும் என்று சொன்ன கட்டுரை. ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பேர் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். பதவி, ஆய்வு நிதி, அடுத்த மாதம் வாங்கப்போகும் விருது எல்லாம் அதன் தயவுதான்.

“செய்யத் தெரியாதவங்க கையில கொடுத்தா எதுதான் நடக்கும்?” என்று வீட்டில் பொரிந்து தள்ளினார்.

“அப்ப நீயே ஒரு தடவை செஞ்சு காட்டிடேன்” என்றார் கணவர். பல் மருத்துவர், வலிக்கிற இடத்தில் சரியாகக் கை வைப்பவர்.

செய்தார். புதிய இரும்பு உப்பைப் போட்டார். மூன்று நாள் கழித்தும் குடுவையில் போட்டது போட்டபடி இருந்தது. அலமாரியைக் குடைந்து, அந்தக் கட்டுரைக்காகப் பயன்படுத்திய பழைய புட்டியைத் தேடி எடுத்துப் போட்டார். நான்கு மணி நேரத்தில் வினை முடிந்துவிட்டது. இரண்டு புட்டிகளையும் பரிசோதனைக்கு அனுப்பினார். பழைய உப்பில் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு பல்லேடியம் கலந்திருந்தது. அதே அளவு பல்லேடியத்தைப் புதிய உப்பில் கலந்தபோது அதுவும் வேலை செய்தது.

வேலை செய்தது பல்லேடியம், பேர் வாங்கியது இரும்பு.

முடிவுத் தாளோடு ஆய்வு நிறுவன இயக்குநரின் அறைக்குப் போனார்.

“கட்டுரையைத் திரும்பப் பெறப்போறேன்.”

இயக்குநர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “விளையாடறீங்களா மேடம்? நம்ம தரவரிசையே அந்த ஒரு கட்டுரையிலதான் நிக்குது. இருபத்திரண்டு வருஷமா யாரும் கேக்கல. நீங்களா ஏன் தோண்டறீங்க?”

“யாரும் கேக்கலைங்கிறதுதான் எனக்கு எரியுது! ஆயிரத்து எண்ணூறு பேர்ல ஒருத்தர்கூட செஞ்சு பாக்கலையா? செஞ்சு பாத்தவங்க வாயை மூடிட்டு இருந்தாங்களா? இத்தனை வருஷம் மாலை போட்டுக்கிட்டு நின்ன என்னைச் சொல்லணும்!”

“விருதாவது முடியட்டும்.”

“விருதை வாங்கிட்டு வாக்குமூலம் கொடுக்கவா?”

அன்று மாலையே கட்டுரை வெளியான ஆய்விதழுக்குக் கடிதம் போயிற்று. விருது கைநழுவியது. தாழ்வாரத்தில் எதிரே வந்த சகாக்கள் திடீரென்று கைப்பேசியில் மும்முரமானார்கள். தொழிற்சாலை வேதியியலாளர் மட்டும் தொலைபேசியில் அழைத்தார். “எங்க முதலாளி என்னைத்தான் கை விளங்காதவன்னு திட்டிட்டு இருந்தாரு மேடம்” என்றார். அவர் குரலிலும் கோபம் ஆறவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் பேராசிரியை மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அதோடு ஒழிந்தது என்றுதான் நினைத்தார். அடுத்த ஒன்றரை வருடத்தில் மேலும் அறுபது பேர் அந்தச் செத்த கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதினார். மூன்று பேர் பதில் போட்டார்கள்.

அவர் ஊரிலேயே நடந்த ஒரு கருத்தரங்கில் வெளியூர் விரிவுரையாளர் ஒருவர் திரையைக் காட்டி, “இரும்பு இந்த வேலையைச் செய்யும்னு எல்லாருக்கும் தெரியும்” என்றார்.

பேராசிரியை எழுந்தார். “எனக்குத் தெரியாதே! அதை எழுதினவ நான். அது தப்புன்னு அறிவிச்சவளும் நான். நீங்க செஞ்சு பாத்தீங்களா?”

விரிவுரையாளர் திரையைத் திரும்பிப் பார்த்தார். “இல்லை மேடம்... ஆனா எல்லாரும் குறிப்பிடறாங்களே?”

“நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு என் லேபுக்கு வாங்க. கோட்டு நான் தரேன்.”

விரிவுரையாளர் வரமாட்டார் என்றே பேராசிரியை எண்ணியிருந்தார். ஒன்பதே காலுக்கு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவர் வந்து நின்றார். பேராசிரியை புதிய உப்புப் புட்டியின் மூடியைத் திறந்து தராசை அவர் பக்கம் நகர்த்தினார்.

“நீங்களே அளந்து போடுங்க” என்றார்.