ஆறாவது துடுப்புக்காரன்

ஜுவா இரண்டு பதிவேடுகளையும் மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்தாள். ஃப்ரீடவுன் குன்றின்மேல் இருந்த அந்த ஆவணக் காப்பகத்தில் காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. ஜன்னலோரம் போய்த்தான் படிக்க வேண்டியிருந்தது. இரண்டும் 'ஹெரான்' என்ற ஒரே போர்க்கப்பலின் ஆள்பட்டியல்கள். அடிமைகளை ஏற்றிப் போகும் கப்பல்களைப் பிடிப்பதற்காக ஒரு காலத்தில் இந்த ஆப்பிரிக்கக் கரையோரமாகச் சுற்றிய கப்பல் அது. அலையில் படகு விடுகிற வேலையெல்லாம் அதில் குரூ இனத்து ஆட்களுடையது; அவர்கள் ஜுவாவின் சனம். கரையில் பூட்டி வைக்கப்பட்டிருந்த அடிமைகளை மீட்கப் போன படகு கவிழ்ந்து ஆறு துடுப்புக்காரர்கள் செத்துப்போனார்கள். அவர்களுக்கு இப்போது துறைமுகத்தில் நினைவுக்கல் வைக்கப்போகிறார்கள். பெயர்களைச் சரிபார்க்கிற பொறுப்பு ஜுவாவுடையது. சாயங்காலத்துக்குள் அவை கல்தச்சனிடம் போய்ச் சேர வேண்டும்.

ஐந்து பெயர்களில் தகராறு இல்லை. டாம் வாக்கர், ஜாக் ஸ்மார்ட் என்று கேட்பதற்குக் கௌரவமாக இருந்தன. ஆறாவது ஆளின் பெயர் பீர் பாட்டில். குரூ பெயர்கள் கப்பலின் வெள்ளைக்கார குமாஸ்தா வாயில் நுழையாது. கண்ணில் பட்டதைப் பெயராக எழுதிவிட்டுப் போய்விடுவான். அதுகூடப் போகட்டும். செத்துப்போன பீர் பாட்டில், இரண்டாவது பதிவேட்டின்படி, இரண்டு வருஷம் கழித்து அதே கப்பலில் சம்பளம் வாங்கியிருந்தான்.

"நீந்திக் கரையேறி ஓடியிருக்கான்" என்றார் டெக்கர். ஓய்வுபெற்ற துறைமுக அதிகாரி, கல் வைக்கும் குழுவின் தலைவர். "பசிச்சதும் திரும்ப வந்திருக்கான். ஓடிப்போனவனுக்கு நான் கல்லு வைக்க மாட்டேன், ஜுவா. அஞ்சு பேருதான்."

"ரெண்டு பக்கத்தையும் படிங்க சார். மொதல் ஆளுக்கு நாப்பது வயசு, நெட்டை, இடது கட்டைவிரல் கெடையாது. அடுத்தவனுக்கு இருபது, குட்டை, விரல் குறைன்னு ஒரு வார்த்தை இல்ல. செத்துப் பொழைச்சதுல விரலும் மொளைச்சு வயசும் பாதியாயிடுச்சா? அந்த மருந்து எங்ககிட்ட இருந்தா நாங்க ஏன் சார் படகு தள்ளிக்கிட்டிருக்கோம்?"

டெக்கர் சிரிக்கக்கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. "அப்ப ரெண்டாவது ஆளு யாரு?"

"தம்பியோ, அக்கா மகனோ. படகுல ஒரு வீட்டோட எடம் காலியா கெடந்தா அந்த வீட்டுக்கு மானக்கேடு. ஆளெடுக்குற தலைவன் அதே வீட்டுலேர்ந்து இன்னொருத்தனைக் கொண்டாந்து உக்கார வெச்சிடுவான். துடுப்பும் அவனுக்கு, பேரும் அவனுக்கு."

"சரி, ஆறுன்னே வெச்சுக்குவோம். ஆனா பீர் பாட்டில்னு கல்லுல வெட்டினா ஊர் சிரிக்கும். வீட்டுப் பேரைக் கொண்டாங்க. இல்லன்னா அஞ்சுதான்."

ஜுவாவுக்கும் அதுதான் ஆசை. அந்தக் கேலிப் பெயரைத் துடைத்துவிட்டு அவன் அம்மா கூப்பிட்ட பெயரை வெட்ட வேண்டும். போக வேண்டிய இடமும் தெரியும். குரூ டவுனில் 'பாட்டில் வீடு' என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். அந்த வீட்டு சார்ட்டி விரிகுடாக் கரையில் படகு மோட்டார் பழுதுபார்க்கிறவன். ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னதையெல்லாம் திருகாணி ஒன்றைத் துடைத்தபடியே கேட்டான்.

"வீட்டுப் பேரு தெரியும். தர மாட்டேன்."

"அண்ணே, சாயங்காலத்துக்குள்ள தரலேன்னா உங்க ஆளுக்குக் கல்லுல எடமே இல்ல."

"அந்தப் பேரை அவரு கப்பலுக்கே குடுக்கல. கடல்ல போறவன் வீட்டுப் பேரை வீட்டுல விட்டுட்டுத்தான் போவான், தங்கச்சி. நீயும் குரூகாரிதானே? செத்தவருக்கு நாங்க தண்ணியில சோறு போடுறப்ப எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறோம்னு நெனைக்கிறே? தண்ணிக்குத் தெரிஞ்ச பேரு பீர் பாட்டில் ஒண்ணுதான்."

"ஊர் சிரிக்கும்ணே."

"எங்க வீட்டைப் பாத்து சிரிக்காத நாள் எது? சிரிக்கிறவன் என்னடா பேரு இதுன்னு ரெண்டாந்தரம் படிப்பான். உன் டாம் வாக்கரை எவன் ரெண்டாந்தரம் படிப்பான்?" திருகாணியை வாயில் கவ்விக்கொண்டு மோட்டாரின் பக்கம் திரும்பிவிட்டான். பேச்சு முடிந்தது.

ஜுவா மேட்டில் ஏறி நடந்தாள். முதலில் கோபம்தான் வந்தது. மரவள்ளிக்கீரை விற்கிற பெண்களைத் தாண்டும்போது அது கொஞ்சம் ஆறியது. துடைக்கவேண்டும் என்று தான் நினைத்த பெயரின்கீழ் ஒருவன் மூழ்கியிருக்கிறான். அது தெரிந்தும் இன்னொருவன் அதே பெயரில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். அதைத் துடைக்கத் தான் யார்? கல்தச்சனின் கொட்டகையை அடைந்தபோது அவள் நடையில் தயக்கம் இல்லை.

டெக்கர் குடையோடு காத்திருந்தார். "பேரு கெடைச்சுதா?"

"கெடைச்சுது சார். பீர் பாட்டில்."

"குழுவுல என்னைக் கேப்பாங்க, ஜுவா."

"என்னைக் கேக்கச் சொல்லுங்க. ரெண்டு பதிவேட்டோட வந்து நிக்கிறேன். வேணாம்னு சொல்றவங்க சார்ட்டி வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வரட்டும்."

கல்தச்சன் டெக்கரின் முகத்தைப் பார்த்தான். அவரோ விரிகுடாவில் அலையை வெட்டி உள்ளே வந்துகொண்டிருந்த ஒரு மீன்படகைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகை வாசலில் கிடந்த கல்லில் ஐந்து பெயர்கள் ஏற்கெனவே கரியால் எழுதி முடிந்திருந்தன. ஜுவா கரித்துண்டை எடுத்து மண்டியிட்டு, அடியில் ஆறாவது பெயருக்கு இருந்த வெற்றிடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்தாள். கல் வெயிலில் இன்னும் சுட்டது.