கோழிக்கூடைக் கல்

எங்கள் ஊரில் பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. பெற்றவளாக இருந்தாலும் முச்சந்தி வரைக்கும்தான். அதற்கு மேல் ஆம்பளைகள் பார்த்துக்கொள்வார்களாம். என்னத்தைப் பார்த்துக் கிழித்தார்களோ. என் மகள் தமிழ்மொழியை ஓடைக்கரையில் எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று நான் என் கண்ணால் பார்த்ததில்லை.

காய்ச்சலில் போனாள். நாலு வயசுகூட முடியவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்து கிடத்தினபோது அழுகையைவிட எனக்குப் பயம்தான் அதிகமாக இருந்தது. ஓடைக்கரையில் நாய்கள் ஏராளம். சின்னப் பிள்ளைக்கு ஆழமாகவும் வெட்ட மாட்டார்கள். ஓடிப்போய்க் கோழிக்கூடை மேலிருந்த கறுப்புக் கல்லைத் தூக்கிவந்து என் வீட்டுக்காரர் வெற்றிவேலிடம் கொடுத்தேன்.

"இத்த அவ மேல வையி. எந்த நாயாலயும் அசைக்க முடியாது" என்றேன். தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அந்தக் கல் கல்வராயன் மலைக்குக் கடுக்காய் பொறுக்கக் கூலிக்குப் போனபோது எனக்குக் கிடைத்தது. பார்க்கச் சின்னது. தூக்கினால்தான் அதன் கனம் தெரியும். கோழிக்கூடையை நாய் தள்ளாமல் இருக்க அதைவிட நல்ல கல் கிடையாது. தமிழ்மொழிக்கு அதுதான் விளையாட்டுச் சாமான். என் புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி அதில் ஒட்டவைப்பாள். எல்லாப் பக்கமும் ஒட்டாது. அடியில் சப்பையாக ஒரு மூலை உண்டு, அங்கே வைத்தால் மட்டும் ஊக்கு தொங்கும். அதைக் கண்டுபிடித்தவளே அவள்தான். கண்டுபிடித்த அன்றைக்குத் தெருவையே கூட்டிவிட்டாள்.

அவள் போன பிறகு வந்த கார்த்திகை மழையில் ஓடை கரைபுரண்டது. நான் வெற்றிவேலைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கல்லு அப்பிடியே இருக்குதுடி, கொஞ்சங்கூட நவரல" என்றார். அந்த வார்த்தைதான் எனக்குச் சோறும் தூக்கமும். கல் இருக்கிறது, அதனடியில் அவள் இருக்கிறாள். தை மாதம் அவள் பிறந்த தேதிக்குப் பிஸ்கட் பொட்டலம் வாங்கி அவரிடமே கொடுத்தனுப்பினேன். கல்லோரம் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

மாசியில் ஒருநாள் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிவிட்டு மத்தியானம் வீடு திரும்பினேன். பக்கத்து வீட்டில் ஒரே கூட்டம். அது என் வீட்டுக்காரரின் அண்ணன், என் மூத்தார் கொளஞ்சியப்பன் வீடு. நூறு நாள் வேலைக்கு ஓடையைத் தூர் வாரப் போனவர் ஒரு கல்லோடு வந்திருந்தார். மண் அப்பிய கல்லைப் பலகையில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது சாதா கல்லு இல்ல. இம்மாத்தூண்டு இருந்துக்கினு இன்னா கனம் கனக்குது! இரிடியமாத்தான் இருக்கும். இல்லாங்காட்டி வானத்துலேர்ந்து வுழுந்திருக்கும்."

இரிடியம் என்றால் அரிசியை இழுக்குமாம், கோடிக்கணக்கில் விலைபோகுமாம். எவனோ சொன்னானாம். தட்டில் அரிசியைப் பரப்பிக் கல்லைக் கிட்டே கொண்டுபோனார். ஒரு அரிசியும் அசையவில்லை.

"ரேஷன் அரிசிய எதுடி இழுக்கும்? பச்சரிசி எடுத்தா" என்று பொண்டாட்டி ஜெயம்மாளை விரட்டினார்.

"பொங்கலுக்கு வாங்கினதுல மீந்தது அவ்ளோதான். அதையும் கல்லுக்குக் கொட்டிட்டு நீ கல்லயே தின்னு" என்று அவள் கத்திக்கொண்டே கொண்டுவந்து போட்டாள். பச்சரிசிக்கும் அந்தக் கல் மசியவில்லை.

பக்கெட் தண்ணீரில் போட்டார். மூழ்கியது. எந்தக் கல்தான் மூழ்காது? போனில் வீடியோ பார்த்து, உடைந்த டைல்ஸின் பின்பக்கத்தில் கல்லைத் தேய்த்தார். கறுப்பாகக் கோடு விழுந்தது. அப்படி விழுந்தால் வெறும் இரும்புக் கல் என்று வீடியோக்காரன் சொன்னான். "இரும்புன்னா ஆணி ஒட்டணுமில்ல? இந்தா, வழுக்கிக்கினு போவுது. அவனுக்கு இன்னா தெரியும்" என்று போனை அணைத்துவிட்டார். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன், அவர் கல்லைக் கவிழ்த்துப் போடும் வரைக்கும்.

தண்ணீரில் மண் கரைந்துபோய், சப்பையான மூலை தெரிந்தது.

கூட்டத்தை விலக்கிப் போய் உட்கார்ந்தேன். ஒட்டக் கூடாது சாமி, ஒட்டக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தோளிலிருந்து ஊக்கைக் கழற்றி அந்த மூலையில் வைத்தேன். ஊக்கு தொங்கியது.

"ஒட்டிக்கிச்சு! இழுக்குது பாரு!" மூத்தார் குதித்தார். "நான் இன்னா சொன்னேன்! நிர்மலா, ராசியான கையிம்மா ஒனக்கு!" கூட்டமே கைதட்டியது. நம்ம கஷ்டமெல்லாம் தீந்துச்சு என்று யாரோ கத்தினார்கள்.

"மாமா, இது எம்பொண்ணு மேல வச்ச கல்லு" என்றேன்.

கைதட்டல் நின்றது. மூத்தார் இரண்டு கையையும் லுங்கியில் துடைத்தார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "சுடுகாட்டுக் கல்லயா வூட்டுக்குள்ள கொண்டாந்தேன்" என்று முனகினார். ஜெயம்மாள் அரிசித் தட்டை அப்படியே வெளியே கொட்டினாள்.

நிமிர்ந்தேன். வாசலில் வெற்றிவேல் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது.

"யோவ், நவரலன்னு சொன்னியே?"

நான் கல்லைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். கடைசி நாட்களில் அவள் இந்தக் கல்லின் கனம்கூட இல்லை. முச்சந்தி வந்தது. நான் நிற்கவில்லை. தடுக்கவும் எவனுக்கும் தைரியம் வரவில்லை. அவர் மட்டும் பின்னாலேயே வந்தார்.

ஓடைக்கரையைக் கரை என்று சொல்ல முடியாது. தண்ணீர் பாதியைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. வேர் தெரியச் சாய்ந்த ஒரு புங்கமரம், அதற்குக் கீழே செங்குத்தாக மண், அதற்கும் கீழே மணல்.

"எங்க?" என்றேன்.

மரத்துக்கு வலதுபக்கம் கையைக் காட்டினார். பிறகு இடதுபக்கம் காட்டினார். அந்தரத்திலேயே கை நின்றது. அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

"தெரியலடி. மழையில பாக்க வந்த அன்னிக்கே இங்க ஒண்ணும் இல்ல. கரையே இல்ல, நான் எந்த எடம்னு சொல்லுவேன்? சொன்னா நீ செத்துடுவன்னு பயந்துட்டேன்."

"அப்ப பிஸ்கட்டு?"

"ஓடையிலதான் போட்டேன். அவ அதுலதான போனா."

அடிக்கக் கை வரவில்லை. இடுப்பில் கல் இருந்தது, இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். எதிரில் அந்த மனுசன் மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தார். இத்தனை நாள் மனசுக்குள் வைத்துத் தனியாக அழுதிருக்கிறார். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரமெல்லாம் என் மேலேயே திரும்பியது. நாய்க்குப் பயந்தேனே தவிர, பாவி, தண்ணீரை நான் நினைக்கவே இல்லையே.

கல்லைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்தேன். ஓடைக்கரையில் வைக்க இடம் ஏது? பழையபடி கோழிக்கூடை மேல் வைத்தேன். ஜெயம்மாள் வேலியோரம் வந்து, "தீட்டுக் கல்லும்மா, வூட்டுல வச்சிக்காத, ஆவாது" என்றாள். தீட்டாம். என் பிள்ளை எனக்குத் தீட்டா? "நீ ஒன் வேலயப் பாத்துக்கினு போக்கா" என்றேன். அவள் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்தத் தையில் அவள் பிறந்த தேதி வந்தது. வெற்றிவேல் நான் கேட்காமலேயே பிஸ்கட் வாங்கிவந்து என் கையில் கொடுத்துவிட்டு, திண்டாடிப்போய் நின்றார். நான் அதை யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. கல்லைத் தூக்கிக் கீழே வைத்துக் கூடையைத் திறந்துவிட்டேன். பிஸ்கட்டை உடைத்துக் கல்லோரம் போட்டேன். கோழிகள் விழுந்தடித்து ஓடிவந்தன. அவர் விரட்டப் போனார். விடுய்யா, தின்னட்டும் என்றேன். அவள் இருந்தபோதும் அவள் கையிலிருந்து பிடுங்கித் தின்றது அதுகள்தான்.