இடப்பக்கப் பை

நாத்தனார் அந்த இடுப்புப் பையைத் தூக்கித் தையல் மெஷின்மேல் போட்டாள். "என்ன அண்ணி, சொந்தக்காரிக்கே இப்படியா? ரெண்டே வாரத்துல ஜிப் வாயப் பொளந்துடுச்சு. ஒரு நட்சத்திரம்தான் போட்டிருக்கேன், கோவிச்சுக்காதீங்க."

தையற்காரி பையைப் புரட்டினாள். அதே நீலம், அதே பட்டை. உள்ளே பார்த்தால் தையலுக்குப் பதில் பசை. "இது என் பையே இல்லடி. எங்க வாங்கின?"

"உங்க கடை பேரப் போட்டுத்தான் தேடினேன். முதல்ல வந்தத வாங்கினேன்."

முதலில் வந்தது, அவள் தன் பைகளை விற்றுவந்த ஆன்லைன் கடையை நடத்தும் பெரிய கம்பெனியே தன் பெயரில் போட்ட பை. சந்தையும் அவனுடையது, தராசும் அவனுடையது, இப்போது சரக்கும் அவனுடையது. அவளிடம் எந்த நிறம் ஓடுகிறது, எந்த அளவு தங்குகிறது என்று நான்கு வருடம் உட்கார்ந்து பார்த்தவன், நோகாமல் நுங்கு தின்றுவிட்டான்.

அப்போதுதான் பையில் போன் வைக்கும் சிறு அறையைக் கவனித்தாள். எல்லோரும் அதை வலப்பக்கம் வைப்பார்கள். அவள் இடது கைக்காரி, தன் கைக்கு வாகாக இடப்பக்கம் வைத்தே பழகிவிட்டாள். பாவிகள் அதைக்கூட விடவில்லை. அப்பட்டமான ஈயடிச்சான் காப்பி!

இரண்டு பையையும் படமெடுத்து அன்றைக்கே புகார் அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. உங்கள் பை எங்கள் பையைப் போலவே இருப்பதால், உங்கள் பையை விற்பனையிலிருந்து நீக்கிவிட்டோம்.

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. வாங்குபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அந்த ஆன்லைன் கடை வழியாகத்தான் வந்தார்கள், வீட்டில் அடுப்பு எரிந்ததும் அதனால்தான். உதவி எண்ணை அழுத்தினாள். அரை மணி நேரம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"உங்க கோவம் எனக்குப் புரியுது மேடம்."

"புரிஞ்சு என்ன பண்ணப் போற? எங்கிட்டயே திருடிட்டு என்னையே திருடின்னா என்னம்மா அர்த்தம்? என் பையத் திரும்பப் போடு."

"அது சிஸ்டம் எடுத்த முடிவு மேடம். பிடிக்கலன்னா நீங்க வேற எங்க வேணும்னாலும் விக்கலாம். அது உங்க விருப்பம்."

விருப்பமாம்! கையிலிருந்த கத்தரியை மேசைமேல் ஓங்கி வைத்தாள்.

"ஏம்மா, நீ கடைசியா செருப்பு வாங்கினது எங்க?"

போனில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் யார் யாரோ யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதுலதான் மேடம்," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள் அந்தப் பெண். "வேற எதுல இருக்கு?"